பனிக்கட்டிக்குள் படியளப்பது யார்?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், சங்கக் கிளையின் ஏற்பாட்டில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சம்பளம், வீடு, வைத்தியம் என்று பேசுவதற்கென்றே உள்ள இந்த மேடையில் வானத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். வருகிற வழியில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "என்னய்யா, லயத்துக் கூரை ஒழுகுது, அதைப் பத்திப் பேசாம வியாழனுக்குப் போறியே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக் கழிக்கும் உத்தேசம் எனக்கில்லை. பேச்சின் நடுவில் அதற்கு வருகிறேன். பெரியவரும் அதோ தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். நான் மறந்தாலும் அவர் விடமாட்டார்.

விஷயம் இதுதான். சூரியனைச் சுற்றும் கிரகங்களில் மிகப் பெரியது வியாழன். அதற்குப் பல சந்திரன்கள் உண்டு. அவற்றில் பெரியவை நான்கு: ஐயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. இவற்றை 1610-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கலிலியோ என்ற இத்தாலிய அறிஞர் தாமே செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கண்டார். எல்லாம் நம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று ஊரே சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் நான்கு உருண்டைகளைக் கண்டதாகச் சொன்னார் அவர். அதற்காகவும் அதைத் தொடர்ந்து சொன்னவற்றுக்காகவும் அவர் பட்ட பாடு வேறு கதை.

இந்த நான்கில் யூரோப்பா என்பது நம் சந்திரனைவிடக் கொஞ்சம் சிறியது. குறுக்களவு சுமார் 3,120 கிலோமீட்டர். மேலெல்லாம் பனிக்கட்டி. வியாழன் சூரியனிலிருந்து நம்மைப்போல் ஐந்து மடங்குத் தூரத்தில் இருப்பதால், அங்கே விழும் வெயில் நமக்குக் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். மேற்பரப்பில் குளிர், உறைநிலைக்கும் கீழே 160 டிகிரி. பிரிஞ்சாங்கில் விடியற்காலையில் கம்பளிக்குள் கை நடுங்குகிறதே, அந்தக் குளிரை அங்கே கொண்டுபோனால் அடுப்பு என்று சொல்வார்கள்!

அப்படிப்பட்ட இடத்தில் உயிர் எப்படி இருக்கும்? ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் அநேக விஞ்ஞானிகளும் சிரிக்கத்தான் செய்திருப்பார்கள். இன்று சிரிப்பதில்லை.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பனிக்கட்டி விஷயத்தில் விஞ்ஞானிகள் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான். உள்ளே தேரை இருக்கிறதா என்று அவர்கள் முதலில் கேட்கவில்லை. உள்ளே ஈரம் இருக்கிறதா, இருந்தால் அங்கே படியளப்பது எது என்று கேட்டார்கள்.

ஈரத்துக்கு வருவோம். ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் மடக்கிக் கொண்டே இருங்கள். ஒடிவதற்கு முன் மடங்குகிற இடம் கையைச் சுடும். வேலி கட்டியவர்களுக்கு இது தெரியும். வியாழனின் சந்திரன்களுக்கு நடப்பது இதுதான். ஐயோ நான்கு சுற்றுச் சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு சுற்று, கனிமீடு ஒரு சுற்று. இப்படித் தாளம் தப்பாமல் ஒன்றையொன்று இழுப்பதால் அவற்றின் பாதை சரியான வட்டமாக அமைவதில்லை. ஆகவே வியாழனை ஒரு சமயம் நெருங்கியும் ஒரு சமயம் விலகியும் செல்கின்றன. நெருங்கும்போது வியாழனின் இழுப்பு அதிகம், விலகும்போது குறைவு. யூரோப்பா மூன்றரை நாளுக்கொரு முறை கசக்கிப் பிசையப்படுகிறது. வயிற்றுக்குள் சூடு பிறக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. 1979-ம் வருஷம் மார்ச் மாதம் மூன்று விஞ்ஞானிகள், ஐயோவின் உள்பாகம் இப்படிப்பட்ட கசக்கலால் உருகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். சில நாட்களுக்குள் வாயேஜர் என்னும் விண்கலம் வியாழனைக் கடந்தது. அது அனுப்பிய படத்தில், ஐயோவின் விளிம்பில் எரிமலைப் புகை குடைபோல் விரிந்து நின்றது! கணக்கு முந்தியது, காட்சி பிந்தியது. விஞ்ஞானத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எது என்று எனக்குத் தெரியவில்லை.

யூரோப்பாவில் எரிமலை தெரியவில்லை. பனிப்பரப்பெங்கும் நீள நீளமான வெடிப்புகள் தெரிந்தன. 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலியோ என்ற விண்கலம் இன்னொன்றைக் கண்டது. அதில் காந்தத்தை அளக்கும் கருவி ஒன்றிருந்தது. வியாழனின் காந்த சக்தி யூரோப்பாவின் மேல் சுமார் 11 மணி நேரத்துக்கொரு முறை திசை மாறி வீசுகிறது. அதற்குப் பதில் சொல்வதுபோல் யூரோப்பாவிலிருந்து ஓர் எதிர்க் காந்தம் எழுவதை மார்கரெட் கிவெல்சன், கிரிஷன் குரானா ஆகியோர் கண்டுபிடித்தார்கள். வெறும் பனிக்கட்டி அப்படிப் பதில் சொல்லாது. மின்சாரம் ஓடக்கூடிய ஒன்று உள்ளே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது உப்புத் தண்ணீர்தான். பனி ஓட்டின் கனம் 15 முதல் 25 கிலோமீட்டர் இருக்கலாம், அதற்கடியில் 60 முதல் 150 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமுத்திரம் இருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. அப்படியானால் நம் பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைப்போல் இரு மடங்கு தண்ணீர் அங்கே இருக்கிறது!

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். உங்களில் சிலருடைய பாட்டனும் பாட்டியும் வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் என்று அவர்கள் ஊர்ப்பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில், காவலூர் என்று ஒரு சிற்றூர். இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960-களின் கடைசியில் வைணு பாப்பு என்ற வான அறிஞர் அங்கே ஒரு வானாராய்ச்சி நிலையத்தை எழுப்பினார். 1972-ல் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தூரதிருஷ்டி அங்கே நிறுவப்பட்டது.

அந்த வருஷம் ஜூன் 7-ம் தேதி, கனிமீடு என்ற சந்திரன் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் என்று கணக்கு சொன்னது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரம். ஆனால் இந்த மறைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. மறைக்கும் உருண்டையில் காற்று இல்லாவிட்டால் நட்சத்திரம் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று மறையும். காற்று இருந்தால், மூடுபனிக்குள் போகும் லாரி விளக்குபோல் மங்கி மங்கி மறையும். மறைந்திருக்கும் நேரத்தைக் கொண்டு உருண்டையின் பருமனையும் அளந்துவிடலாம். இந்தக் காட்சியை இரண்டு இடங்களிலிருந்து பிடித்தார்கள். ஒன்று நம் காவலூர், அங்கே ஜே. சி. பட்டாச்சார்யா இருந்தார். மற்றொன்று இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் லெம்பாங். அங்கே பம்பாங் ஹிதாயத் இருந்தார். நட்சத்திரம் சட்டென்று மறையவில்லை. ஆகவே கனிமீடில் காற்று உண்டு, நம் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1973-ல் அறிக்கை வெளியிட்டார்கள். கனிமீடின் குறுக்களவு சுமார் 5,270 கிலோமீட்டர் என்றும் சொன்னார்கள்.

என்ன ஆயிற்று? 1979-ல் வாயேஜர் அருகே போய் அளந்தது. அவர்கள் சொன்ன அளவுக்குக் காற்று இல்லை, இருந்தாலும் அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இராது என்று தெரிந்தது. அந்தக் கணக்கு தவறிப் போயிற்று. ஆனால் குறுக்களவு? இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு 5,268 கிலோமீட்டர். அது அநேகமாக அப்படியே சரி! பிற்பாடு 1990-களில் ஹபிள் தூரதிருஷ்டி கனிமீடில் மிக மிக மெல்லிய பிராணவாயுப் படலம் இருப்பதைக் கண்டது. ஒன்று தவறி ஒன்று நின்றது. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர் செய்தார் என்றால் எல்லாம் சரி என்று கைதட்டுவது நம்மிடையே ஒரு வழக்கம். காவலூர்க்காரர்களுக்கு அந்தக் கைதட்டல் தேவையில்லை. ஒரு மலைக்கிராமத்திலிருந்து, 60 கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஓர் உருண்டையின் பருமனை அளந்தவர்கள் அவர்கள்.

இப்போது தூணோரப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். லெம்பாங் என்று சொன்னேனே, அந்த வானாராய்ச்சி நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? பொஸ்கா. கே. ஏ. ஆர். பொஸ்கா ஒரு டச்சுக்காரர். வானசாஸ்திரியல்ல, தேயிலைத் தோட்டத் துரை! பண்டுங் நகருக்குத் தெற்கே பங்களெங்கான் பக்கத்தில் மலபார் தோட்டம் என்று ஒன்று. நம் மலபார் அல்ல, அங்குள்ள ஒரு மலையின் பெயர் அது. 1896 முதல் 1928-ல் சாகும்வரை அந்தத் தோட்டத்தை நடத்தியவர் அவர். 1923-ல் லெம்பாங்கில் கட்டத் தொடங்கிய நிலையத்துக்குப் பெரும் பணம் கொடுத்தவரும் அவரே. அதனால்தான் அவர் பெயர் அதற்கு நிலைத்தது.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. சம்பாதித்ததை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தாரே, எத்தனை துரைமார் அதைச் செய்தார்கள்? ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மலபார் தோட்டத்தில் முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொளுந்து பறித்த சுந்தானியப் பெண்களின் விரல் நுனியிலிருந்து வந்தது. கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை. 1972-ல் கனிமீடின் பருமனை அளந்த இரண்டு இடங்களில் ஒன்று தேயிலைத் தொழிலாளியின் உழைப்பில் எழுந்தது. இன்னொன்று, நம்மில் பலருடைய முன்னோர் பஞ்சம் பிழைக்க விட்டுவந்த வட்டாரத்தின் மலையில் எழுந்தது. பெரியவரே, வியாழனுக்கும் நமக்கும் என்ன என்று கேட்டீர்கள். அதைப் பார்த்த கண்ணாடிக்கே நம் வர்க்கத்தார் சந்தா கட்டியிருக்கிறார்கள். பார்க்கத்தான் இன்னும் கூப்பிடவில்லை!

கூரை ஒழுகுவது பொய்யாகிவிடாது. அதற்கு மனு எழுதிவிட்டோம், அதை விடவும் மாட்டோம். செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூரோப்பாவை ஆராய அமெரிக்கா 2024 அக்டோபர் 14-ம் தேதி ஏவிய யூரோப்பா கிளிப்பர் என்ற விண்கலத்துக்குச் சுமார் 500 கோடி டாலர். பெருந்தொகைதான். ஆனால் அதே 2024-ல் உலக நாடுகள் படைக்கும் ஆயுதத்துக்கும் கொட்டிய தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் கோடி டாலர். ஒரு நாளைக்கு 700 கோடிக்கு மேல்! ஒரு நாள் துப்பாக்கிச் செலவுக்கும் குறைவான பணத்தில் ஒரு சமுத்திரத்தைத் தேடிப் போகிறார்கள். ஏழையின் கூரைக்குப் பணமில்லை என்பவர்கள் முதலில் எந்தக் கணக்கில் கை வைக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நிற்க. படியளக்கும் விஷயம் பாக்கியிருக்கிறது.

வெயில் இல்லாமல் உயிர் இல்லை என்று நாம் படித்தோம். தேயிலைச் செடி வெயிலைத் தின்கிறது, புழு இலையைத் தின்கிறது, குருவி புழுவைத் தின்கிறது. ஆனால் 1977-ம் வருஷம், காலாபாகோஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் சென்றவர்கள், கடலுக்கடியில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் தரை வெடித்து வெந்நீர் பீறிடும் இடங்களைக் கண்டார்கள். ஒரு துளி வெளிச்சம் போகாத அந்த இருட்டில் கூட்டங்கூட்டமாக ஜீவராசிகள்! சிப்பிகள், நண்டுகள், ஆளுயரத்துக்கு வளரும் குழாய்ப் புழுக்கள். அங்கே பாறையிலிருந்து வரும் ரசாயனப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்கின்றன, அந்த நுண்ணுயிர்களால் மற்றவை பிழைக்கின்றன. ஆக, சூரியனே படியளக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெந்நீரும் பாறையும் சேர்ந்தால் போதும்.

அப்படியொரு வெந்நீர் அடுப்பு பனிச் சந்திரன்களின் அடியில் உண்டா? இதற்கு நல்ல சாட்சி யூரோப்பாவிலிருந்து வரவில்லை. சனிக்கிரகத்தின் சின்னச் சந்திரனான என்செலடஸிலிருந்து வந்தது. அதன் குறுக்களவே 504 கிலோமீட்டர்தான். ஈப்போவில் பஸ் ஏறி ஜோகூர் பாருவில் இறங்கும் தூரம்! 2005-ல் காசினி என்ற விண்கலம், இதன் தென்முனையில் நான்கு நீண்ட வெடிப்புகளிலிருந்து தண்ணீர் ஆவியும் பனித்துகளும் ஆகாயத்தில் பீறிடுவதைக் கண்டது. கிணறு வெட்டவே வேண்டாம், தண்ணீர் தானே வெளியே வந்து நிற்கிறது. காசினி அந்தத் தூவானத்துக்குள்ளேயே பலமுறை பாய்ந்து சென்றது. உப்பு இருந்தது. வெந்நீர் பாறையைத் தொட்டால் உண்டாகும் நுண்மணல் இருந்தது. 2017-ல் ஹைட்ரஜன் வாயு இருப்பதை அறிவித்தார்கள். இது முக்கியம். நம் கடலடியிலேயே ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து வயிறு வளர்க்கும் நுண்ணுயிர்கள் உண்டு. 2023-ல், காசினி விட்டுச்சென்ற கணக்குகளை மறுபடி புரட்டி, பாஸ்பேட்டும் இருப்பதைக் கண்டார்கள். பாஸ்பேட் என்றால் உங்களுக்குத் தெரியும், செடிக்குப் போடும் உரத்தில் இருப்பதுதான்.

அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பானையில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை! உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று யாராவது கைப்பேசியில் உங்களுக்குச் செய்தி அனுப்பினால் நம்பாதீர்கள். யூரோப்பாவிலும் தண்ணீர் பீறிடுவதாக ஹபிள் மூலம் 2013-ல் ஒரு செய்தி வந்தது. இன்றுவரை அது உறுதியாகவில்லை. யூரோப்பாவின் கடலடி அடங்கிக் குளிர்ந்து போயிருக்கலாம் என்று கருதும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். கனிமீடிலும் கடல் உண்டென்றாலும், அதன் அடியிலும் பனிக்கட்டியே படிந்து தண்ணீரைப் பாறையிலிருந்து பிரித்திருக்கலாம். தண்ணீர் பாறையைத் தொடாவிட்டால் படி எங்கிருந்து வரும்? இருந்தாலும் அது நுண்ணுயிராகத்தான் இருக்கும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். மீன் இருக்குமா என்று கேட்ட பையனுக்கு என் வருத்தம்.

மீனோ கிருமியோ, அது பூமிக்கு உறவில்லாமல் தானே தோன்றியது என்று தெரிந்தால், உயிர் என்பது இந்த ஓர் உருண்டையில் தப்பித்தவறி நடந்த அதிசயமல்ல என்றாகிவிடும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கலிலியோ விண்கலத்துக்கு எரிபொருள் தீரும் நிலை வந்தபோது, அதை அப்படியே விட்டிருந்தால் என்றாவது ஒரு நாள் யூரோப்பாவில் மோதி, பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமிகளை அங்கே கொட்டியிருக்கலாம். ஆகவே 2003 செப்டம்பர் 21-ம் தேதி அதை வேண்டுமென்றே வியாழனுக்குள் பாயவிட்டு எரித்தார்கள். காசினியையும் 2017 செப்டம்பர் 15-ம் தேதி சனிக்குள் விட்டார்கள். அங்கே யாராவது இருந்தால் அவர்கள் வீட்டைக் கெடுக்கக் கூடாது என்பது எண்ணம். இதைப் படித்தபோது நான் இந்த மலையை நினைத்துக்கொண்டேன். 1885-ல் வில்லியம் கேமரன் அளக்க வந்தபோதும், பிறகு 1929-ல் தேயிலைக்காகக் காட்டை வெட்ட வந்தபோதும், இங்கே ஏற்கனவே செமாய் மக்கள் இருந்தார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? வெட்டியவர்களில் நம் முன்னோரும் உண்டு, கூலிக்காக. இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத ஒரு கிருமிக்குக் காட்டிய மரியாதை, கண்ணெதிரே இருந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

சரி, இனி வரப்போவது என்ன? ஐரோப்பியர் 2023 ஏப்ரல் 14-ல் ஏவிய ஜூஸ் என்ற விண்கலம் 2031-ல் வியாழனை அடைந்து, பிறகு நம் காவலூர்க்காரர்கள் அளந்த கனிமீடையே சுற்றவிருக்கிறது. யூரோப்பா கிளிப்பர் அதற்கு முந்தி, 2030 ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். யூரோப்பாவை 49 முறை நெருங்கிக் கடந்து, பனியின் கனத்தையும் கடலின் உப்பையும் அளக்கும். உயிரையே பிடித்துக் காட்டுவது அதன் வேலையல்ல. உயிர் வாழத் தக்க இடமா என்று சொல்லும், அவ்வளவுதான். முன் வரிசையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்தில் அந்தச் செய்திகள் வந்துகொண்டிருக்கும். அவற்றைப் படித்து விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர்கள் இருப்பார்களா என்பது நம் கையில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கு ஒரு தூரதிருஷ்டி வாங்கிக் கொடுப்பது பற்றிச் செயற்குழுவில் ஏற்கனவே பேச்சு நடக்கிறது. காசு சேரும்வரை, என்னிடம் ஒரு சாதாரண இரட்டைக்குழல் தூரதிருஷ்டி இருக்கிறது. அதில் பார்த்தாலே வியாழனுக்குப் பக்கத்தில் ஊசி குத்தினாற்போல் அந்தச் சந்திரன்கள் தெரியும். கலிலியோ பார்த்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். கிழக்கே மரத்துக்கு மேல் வியாழன் ஏறியிருக்கும். கீழே செவ்வந்திப் பூத்தோட்டங்களில் இரவெல்லாம் எரியும் விளக்குகளை நம்மால் அணைக்க முடியாது. நம் லயத்து விளக்குகளை மட்டும் அரை மணி நேரம் அணைத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கையை ஆட்டாமல் பார்க்க வேண்டும், முழங்கையைச் சுவரில் ஊன்றிக் கொள்ளுங்கள். பிள்ளைகள் முதலில், பிறகு தாய்மார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் கவலை வேண்டாம், காலை ஐந்து மணிக்கு மேற்கே தெரியும். பெரட்டுக்கு எப்படியும் எழுந்துதானே ஆக வேண்டும்.